பாப்பாவுக்குத் தூக்க மருந்து வேண்டாம்... பையைச் சரியாகக் கட்டுங்கள்!

“டாக்டர், பொண்ணு கைக்குழந்தையோட அமெரிக்கா கிளம்பறா. பிளேன்ல புள்ள அழாம தூங்கிக்கிட்டே போறதுக்கு ஏதாவது மருந்து குடுங்களேன்!”

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பாட்டியம்மா கேட்டது இது. மகளுக்குத் தாய்வீட்டில் பிரசவம். குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். சென்னையிலிருந்து துபாய், அங்கே விமானம் மாறி சான்பிரான்சிஸ்கோ போகவேண்டும். “என்னென்ன எடுத்து வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். வசம்பு, சாதிக்காய், கசகசா, தேன், இருமல் சிரப் என்று அடுக்கினார். “இந்த அஞ்சையும் வீட்டிலேயே வச்சிடுங்க” என்றேன்.

சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா என்று உங்களுக்கும் தோன்றும். காரணத்தைக் கேளுங்கள்.

கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நமக்குக் குருமாவுக்கு அரைக்கிற சரக்குதான். ஆனால் துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் அகப்பட்டால் வழக்கு, சிறை என்று போய்விடும். வழியில் விமானம் மாறுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

வசம்பும் சாதிக்காயும் அளவு மிஞ்சினால் வாந்தி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். கல்லில் எத்தனை சுற்று இழைத்தோம் என்பதற்கு வீட்டில் யாரிடமும் கணக்கு இல்லை. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் குழந்தை எழுந்திருக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இருமல் சிரப்பும் அப்படித்தான். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், கலப்படமான இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுதக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. தூக்கம் வரவழைக்கும் சில சிரப்புகள் நேர்மாறாக வேலை செய்து, குழந்தையை இன்னும் சிணுங்க வைப்பதும் உண்டு.

காது ஏன் வலிக்கிறது?

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும்போது உங்களுக்குக் காது அடைக்கிறதல்லவா, அதேதான் குழந்தைக்கும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. விழுங்கும்போதெல்லாம் அது திறந்து அழுத்தம் சமமாகும்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். அயர்ந்து தூங்குகிற குழந்தை அதிகம் விழுங்காது. தூக்க மருந்து கொடுத்தால் காதுவலிக்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி!

ஆகவே விமானம் கிளம்பும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், தாய்ப்பால் கொடுங்கள். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பால் புட்டி கொடுக்கலாம். தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். வலி அதிகம் வருவது இறங்கும்போதுதான்.

இரண்டு வாரம் முன்பே...

* குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தடுப்பூசி அட்டை முழுமையாக இருக்கட்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தட்டம்மை ஊசி பற்றிக் கேளுங்கள். கடும் சளியோ காதில் சீழோ இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று அவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

* குழந்தைக்கென்று தனி பாஸ்போர்ட் வேண்டும். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துப் போகலாம், ஆனாலும் டிக்கெட் உண்டு. அப்பா உடன் வரவில்லை என்றால், அவருடைய சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

* முன்வரிசையில் மாட்டும் குழந்தைத் தொட்டிலை விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் கேளுங்கள். விமானம் குலுங்கும்போது பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குழந்தைக்குத் தனி பெல்ட் கொடுத்தால் அதை மாட்டுங்கள்.

மணிக்கணக்கு போட்டுக் கட்டுங்கள்

சென்னையிலிருந்து துபாய் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோ சுமார் 16 மணி நேரம். நடுவில் காத்திருப்பு, இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போய்வரும் நேரம் எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு ஒரு டயப்பர் என்றால் பத்து. விமானம் தாமதமானால் சமாளிக்க மேலும் ஐந்து.

ஒரு டயப்பர், நாலைந்து ஈரத் துடைப்பான், ஒரு பழைய பாலிதீன் கவர். இந்த மூன்றையும் ஒரு செட்டாகச் சுருட்டி வையுங்கள். கழிவறையில் இடம் குறுகல். முழுப் பையைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு செட்டை மட்டும் எடுத்துப் போகலாம். பிள்ளைக்கு மூன்று மாற்றுத்துணி. பலரும் மறப்பது அம்மாவுக்கு ஒரு மாற்றுத்துணி! பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் உங்கள் மேல்தான்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பது பொதுவிதி. குழந்தையின் பால், வெந்நீர், கூழுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. தனியாக எடுத்து வைத்து, சோதனையில் நீங்களே சொல்லிவிடுங்கள். பிரசவ லேகிய டப்பாவுக்கு இந்த விலக்கு கிடையாது. அதைப் பெரிய பெட்டியில், லேபிளோடு வையுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் எந்தச் சூரணமும் வேண்டாம். உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் எதையும் நீங்களாகக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

பால் பவுடர் கொடுப்பவர்கள் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வையுங்கள். முன்னதாகவே கலக்கி வைக்கவேண்டாம். கழிவறைக் குழாய்த் தண்ணீரில் கலக்கவே கூடாது. சாப்பாடு ஆரம்பித்த பிள்ளைக்கு வீட்டில் பழகிய உணவே போதும். புது உணவை விமானத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். மிஞ்சிய வாழைப்பழத்தை இறங்குவதற்கு முன் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். அமெரிக்காவுக்குள் பழம் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை.

மருந்துப் பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, டாக்டர் எழுதிய பாராசிட்டமால். மூக்கில், காதில் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். பாராசிட்டமாலில் ஒரு எச்சரிக்கை! சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பிலோ ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 125. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நாலு மடங்காகிவிடும். எடைக்கேற்ற அளவை எழுதி பாட்டில் மேலேயே ஒட்டுங்கள்.

அம்மாவுக்கும் இரண்டு வார்த்தை

விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் காலில் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். அந்த நாட்களில் டாக்டரைக் கேட்காமல் இவ்வளவு நீண்ட பயணம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் பகல், இரவு தலைகீழ். குழந்தை நடுராத்திரியில் விளையாடும். பயப்படாதீர்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு என்று பழக்குங்கள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பாட்டியம்மா சற்று வருத்தத்தோடு, “அப்ப நான் எதைத்தான் குடுத்து அனுப்பறது?” என்றார்.

“நீங்க கட்டி நைந்துபோன நூல்புடவை ஒண்ணு குடுங்க. போர்த்தலாம், மடியில் விரிக்கலாம், பால் கொடுக்கும்போது மறைப்பாகும். புள்ளைக்குப் பழகின வாசனையும் அதில் இருக்கும்” என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே... பையில் முதலில் அதை வையுங்கள்!