மாடு மேய்த்தவர் கட்டிய கல்லூரி



"படிக்கலன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்." இந்த வார்த்தையை ஒரு தடவையாவது கேட்காதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்! யாரும் இருக்க மாட்டீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிவிடும். ஏனென்றால் எங்க தாத்தா மாடு மேய்க்கிறவர்தான். ஆறாம் வகுப்பில் "வீட்டில் என்ன வேலை?" என்று கேட்டபோது, "விவசாயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புவியியல் பாடத்தில் வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளிகளைப் பற்றிப் படித்தோம் அல்லவா? அங்கே உள்ள பெரிய மாட்டுப் பண்ணைகளுக்கு 'ரான்ச்' என்று பெயர். அப்படி ஒரு பண்ணைக்காரரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவர் பெயர் சார்லஸ் குட்நைட். சிரிக்காதீர்கள்! எங்கள் வகுப்பில் சொன்னதும் "கொசு விரட்டியா?" என்று கேட்டார்கள். அது நிஜமான பெயர்தான். அவர் ஊருக்கும் அதே பெயர்தான்.

ஆறு மாதப் பள்ளிப் படிப்பு

குட்நைட் 1836 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். ஒன்பது வயதில் குடும்பம் டெக்சாஸுக்குக் குடி பெயர்ந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர் தூரம்! சேணம்கூட இல்லாத குதிரை முதுகில் உட்கார்ந்தே வந்தாராம். அவர் பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஆறு மாதம். பதினொரு வயதில் கூலி வேலைக்குப் போய்விட்டார். இருபது வயது வாக்கில், அடுத்தவர் மாடுகளை வாரத்துக்கு மேய்க்க ஆரம்பித்தார். அதாவது பிறக்கிற கன்றுகளில் ஒரு பங்குதான் கூலி. நம்ம ஊரிலும் மாடு, ஆடு வாரத்துக்கு விடுவது உண்டு, உங்களுக்கே தெரியும்.

எல்லைக் காவல் வீரர்

டெக்சாஸ் எல்லையைக் காக்கும் 'ரேஞ்சர்' படையில் அவர் வழிகாட்டியாக இருந்தார். தடம் பார்த்தே குதிரை போன திசையைச் சொல்லிவிடுவார். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்களோடு டெக்சாஸ் சேர்ந்துகொண்டது. அப்போது குட்நைட் எல்லைப் படைப்பிரிவில் வேலை பார்த்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மண் முதலில் கொமான்சி என்ற பழங்குடி மக்களுடையது. 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் ஒரு கொமான்சி முகாமை ரேஞ்சர்கள் தாக்கினார்கள். அங்கே பெண்களும் கொல்லப்பட்டார்கள். அந்தத் தடத்தைத் தேடிப் போனவர்களில் குட்நைட்டும் ஒருவர். இதைப் படித்தபோது, இவரைப் பற்றி எழுதவே வேண்டாமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் பின்னால் நடந்ததையும் படித்த பிறகு, இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் சரி என்று தோன்றியது.

தண்ணீர் இல்லாத பாதை

போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் ஏராளம், விலைதான் இல்லை. 1866-ல் குட்நைட்டும் ஆலிவர் லவ்விங் என்ற மூத்த வியாபாரியும் 2,000 மாடுகளை ஓட்டிக்கொண்டு நியூ மெக்சிகோவுக்குக் கிளம்பினார்கள். உடன் 18 பேர். பெக்கோஸ் ஆறு வரும்வரை சுமார் 130 கிலோமீட்டருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரவும் பகலும் நிற்காமல் ஓட்டினார்கள். ஆற்று வாடை பட்டதும் மாடுகள் ஒரே ஓட்டமாக ஓடின. வழியிலும் ஆற்றிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்துப்போயின.

இந்தப் பயணத்துக்காகத்தான் அவர் 'சக் வேகன்' என்ற சமையல் வண்டியை உருவாக்கினார். பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்பக்கம் அறை அறையாக ஒரு பெட்டி பொருத்தினார். கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேசை! ராத்திரியில் இப்படிப்பட்ட வண்டிகளின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரம் பார்த்துத் திருப்பி வைப்பார்களாம். காலையில் திசை தப்பாது.

மறு வருடம் லவ்விங் குண்டுக் காயத்தால் இறந்துபோனார். "என்னை என் ஊரில்தான் புதைக்க வேண்டும்" என்பது அவர் கடைசி ஆசை. அந்த உடலை அத்தனை தூரம் திரும்பக் கொண்டுபோய் டெக்சாஸில் அடக்கம் செய்ய வைத்தார் குட்நைட். சொன்ன சொல் தவறவில்லை. இவர்களோடு மாடு ஓட்டியவர் போஸ் ஐகார்ட். அடிமையாகப் பிறந்து விடுதலை ஆன கறுப்பினத்தவர். மாடு விற்ற பணத்தை இவரை நம்பித்தான் குட்நைட் கொடுத்து வைப்பார். 1929-ல் ஐகார்ட் இறந்தபோது, அவர் உழைப்பைப் புகழ்ந்து எழுதிய கல்லை நட்டவரும் குட்நைட்தான்.

பள்ளத்தாக்கில் ஒரு வீடு

1873-ல் வந்த பணநெருக்கடியில் சேர்த்தது எல்லாம் போய்விட்டது. 1876-ல் 1,600 மாடுகளோடு பாலோ டியூரோ என்ற பெரிய பள்ளத்தாக்குக்கு வந்து மறுபடி ஆரம்பித்தார். அடேர் என்பவர் பணம் போட, இருவரும் தொடங்கிய பண்ணை பத்தே வருடத்தில் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. மாடுகள் மட்டும் ஒரு லட்சம்!

அந்தப் பள்ளத்தாக்கு ஏன் காலியாகக் கிடந்தது தெரியுமா? 1874-ல் ராணுவம் அங்கிருந்த பழங்குடிகளின் குடில்களை எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைச் சுட்டுக் கொன்று, அவர்களை விரட்டிவிட்டது. 1878-ல் பசியோடு இருந்த கொமான்சிகள், பைசன் என்ற காட்டெருமையைத் தேடி அங்கே திரும்பி வந்தார்கள். பைசன் இல்லை. தோலுக்காக வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்றிருந்தார்கள். அவர்கள் தலைவர் க்வானா பார்க்கர். பீஸ் ஆற்றில் தாக்கப்பட்ட முகாமிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட சின்தியா ஆன் என்ற பெண்ணின் மகன்! இந்த முறை குட்நைட் துப்பாக்கியைத் தூக்கவில்லை. இரண்டு நாளுக்கு இரண்டு மாடு தருகிறேன், சண்டை வேண்டாம் என்று பேசி முடித்தார். சண்டை வரவில்லை. பிற்காலத்தில் இருவரும் நண்பர்கள்.

அவர் மனைவி மாலி முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். வேட்டையில் தாயை இழந்த பைசன் கன்றுகளின் கத்தலைக் கேட்டு மாலிக்கு மனசு பொறுக்கவில்லை. "அதுகளைக் கொண்டுவந்து காப்பாற்றுங்கள்" என்றார். அந்தச் சில கன்றுகள் பெரிய மந்தையாகப் பெருகின. 1902-ல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு மூன்று காளைகள் போனது இந்த மந்தையிலிருந்துதான். இதன் வம்சம் இன்றும் டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது.

ஊரும் கல்லூரியும்

1887-ல் ரயில் பாதை வந்தது. அதன் ஓரமாக வீடு கட்டிக் குடியேறினார். அங்கே உருவான சின்ன ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. 1898-ல் கணவனும் மனைவியும் அந்த ஊரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் மட்டும் படித்தவர்! தனக்குக் கிடைக்காதது அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். இன்று அந்தக் கல்லூரி இல்லை. ஊரும் மிகவும் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் வீட்டைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

1926-ல் மாலி இறந்தார். 1929 டிசம்பர் 12 அன்று 93 வயதில் குட்நைட்டும் இறந்தார். இருவரும் அதே ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் மரியாதைக்காக மாடு மேய்ப்பவர்களின் கழுத்துத் துணியை அந்தக் கல்லறை வேலியில் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

தாத்தா கேட்ட கேள்வி

இதைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் எங்க தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏக்கர் கணக்கு, பணக் கணக்கு எதுவும் அவர் கேட்கவில்லை. "அம்புட்டு மாட்டுக்கும் எப்படித் தாயி தண்ணி காட்டுனாரு?" என்றுதான் கேட்டார். பெக்கோஸ் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். "ஆமா, மாடு தண்ணிய வாடையிலயே கண்டுபிடிச்சிரும். நாமதான் தடுக்கத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். குட்நைட்டும் அந்த ஆற்றங்கரையில் அதைத்தான் கற்றிருப்பார்.

ஆகவே நண்பர்களே, மாடு மேய்ப்பது கேவலம் இல்லை. அதற்காகப் படிப்பு வேண்டாம் என்றும் இல்லை. மேய்த்தவரே பள்ளிக்கூடத்தின் அருமையைத் தெரிந்து கல்லூரி கட்டினாரே! நன்றாகப் படிப்போம். ஆனால் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று இனி யாரையும் சொல்ல வேண்டாம். அடுத்த முறை என்னிடம் கேட்டால் எழுந்து நின்றே சொல்வேன், எங்க தாத்தா மாடு மேய்க்கிறார் என்று.

சிந்திக்க:
1. பீஸ் ஆற்றில் நடந்ததற்கும் பாலோ டியூரோவில் நடந்ததற்கும் என்ன வேறுபாடு?
2. பைசன் மந்தையைக் காப்பாற்றியவர் என்ற பெருமை யாருக்கு அதிகம் சேரும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தைக் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த இதழில் போடலாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி