சரிவில் இறங்கப் போகும் தம்பிக்கு



வரும் பிப்ரவரியில் குல்மார்க் போய், அஃபர்வத் மலையில் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி இறங்கும் அந்தச் சரிவில் பனிச்சறுக்கப் போவதாக எழுதியிருந்தாய். போய் வா. ஆனால் இறங்குவதைப் பற்றி நாலு பக்கம் எழுதியவன், அதன் தலைமாட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குக் கவலை அதில்தான்.

2,650 மீட்டர் உயரத்தில் ஏறி உட்கார்ந்தால், கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டி கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் கொண்டுபோய் விட்டுவிடும். பெட்டிக்குள் போகிறவனுக்குப் பனியின் நிலவரம் தெரிய வழியே இல்லை. அதனால் மேலே முகட்டில் நடக்கும்போது கம்பை ஊன்றி ஊன்றிப் பார். கெட்டியாகத் தாங்கியது சட்டென்று உள்ளே போனால் நில். குழி தோண்டி அடிப்பனியை அள்ளு. அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தால், உருண்டை பிடிக்க வராவிட்டால், அன்றைக்கு அந்தச் சரிவு வேண்டாம் கண்ணு. பருவத் தொடக்கத்தில் மெல்லிசாக விழுந்த பனி, மேகமில்லாத இரவுகளின் குளிரில் அப்படி ஆகிவிடும். அதன்மேல் காற்று வாரிக் கொட்டிய பனித்தட்டு கிடந்தால், அது உடைய உன் ஒருவன் எடையே போதும்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில்தான் நடக்கின்றன. நீ ஆசைப்படும் இடமும் அதே சாய்வு. 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வத்தில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் குல்மார்க் பக்கம் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் 17 பேரை ஒரே பனிச்சரிவு கொண்டுபோனது. துணிச்சலோ பயிற்சியோ குறைந்தவர்கள் இல்லை அவர்கள்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கிய கால் உனக்கு. முட்டியைப் பற்றி நான் பயப்படவில்லை. இறங்கும்போது முதலில் திரும்பாதே. பலகையைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கிப் பார், விளிம்பு பிடிக்கிறதா என்று. ஒருவர் இறங்கி, பாறை மறைவில் ஒதுங்கிய பிறகே அடுத்தவர். நீ கிளப்பிவிடும் பொடிப்பனி பின்னாலேயே வரும். ஓரமாக நின்று அதை முன்னே போக விடு.

புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன், பனியைக் குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் உன்னிடம் இருந்தால் போதாது, கூட வருகிறவனிடமும் இருக்க வேண்டும். நீ புதைந்தால் தோண்டப்போவது அவன். முதல் கால் மணி நேரம் போய்விட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று இறங்கிவிடும். அதனால் ரயில் ஏறுமுன் இருவரும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார்க்கழிவு மேட்டுக்குப் போங்கள். ஒரு பீக்கனைச் சாக்கில் கட்டி, மற்றவன் பார்க்காமல் ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். தேடி, கம்பியால் குத்தி, தோண்டி எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்