கயோட்டி வேட்டையும் துப்பாக்கித் தொலைநோக்கியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் கொன்று தின்னும் கயோட்டி, ஓநாயைவிடச் சிறிய காட்டு விலங்காகும். அதை வேட்டையாடுவோர், அடிபட்ட முயல் அலறுவது போன்ற ஒலியை எழுப்பித் தம் பக்கம் வரவழைக்கின்றனர். அவ்வாறு வரும் விலங்கு பெரும்பாலும் விடியலிலோ அந்தியிலோ, 200 கெஜத்துக்குள் ஏதேனும் ஒரு புதர் மறைவிலிருந்து ஓடியபடியே வெளிப்படும். இந்தச் சூழலை மறந்து, நெடுந்தொலைவுக் குறிபார்ப்புக்கு உரிய அளவுகோல்களைக் கொண்டு தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தவறான நம்பிக்கைகள் பலவும் பிறக்கின்றன.

உருப்பெருக்கம் கூடக்கூட நல்லது என்பது அவற்றில் முதன்மையானது. 3 முதல் 9 மடங்கு வரை மாற்றத்தக்க வழக்கமான தொலைநோக்கியில், 100 கெஜத் தொலைவில், 3 மடங்கில் ஏறத்தாழ 33 அடி அகலமும் 9 மடங்கில் 14 அடி அகலமும் தெரியும். இவ்வகலமே பார்வைப் புலம் எனப்படுகிறது. 20 மடங்கில் அது ஐந்தாறு அடியாகச் சுருங்கிவிடுவதால், 40 கெஜத்தில் வந்து நிற்கும் கயோட்டியின் உடல் முழுவதும்கூட அதில் அடங்காது. தோளா, விலாவா என்று பிரித்தறிய முடியாத சாம்பல் மயிர்ப்பரப்பு மட்டுமே கண்ணில் படும். ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அக்கருவியின் மிகக் குறைந்த உருப்பெருக்க எண்ணையே.

முன்புறத்துப் பொருளருகு லென்ஸ் பெரிதானால் அந்தி ஒளியில் காட்சி எப்போதும் தெளிவாகும் என்பதும் பாதி உண்மையே. அந்த லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். 40 மில்லிமீட்டர் லென்ஸ் 4 மடங்கில் 10 மில்லிமீட்டர் கற்றையைத் தருவதால் கண் ஏற்கக்கூடிய அளவை அதுவே மிஞ்சிவிடுகிறது; 50 மில்லிமீட்டர் லென்ஸோ 20 மடங்கில் 2.5 மில்லிமீட்டர் மட்டுமே தருகிறது. ஒளி மங்கும்போது உருப்பெருக்கத்தைக் குறைப்பதே செலவில்லாத தீர்வு. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பிவிடுவதால், பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஒளி இழக்கப்படுகிறது. 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. லென்ஸின் அளவைவிட அப்பூச்சின் தரத்துக்குப் பணம் கொடுப்பதே அறிவுடைமை.

30 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக் குழல் கூடுதல் ஒளியை உள்ளே விடும் என்பதற்கு அடிப்படை இல்லை. அதன் முதன்மைப் பயன், குறியை மேலும் கீழும் திருத்துவதற்குக் கிடைக்கும் கூடுதல் இடமே. உருப்பெருக்கத்தோடு சேர்ந்து குறிக்கோடுகளும் பெரிதாகிச் சிறிதாகும் முதற்குவியத் தள அமைப்பு, எல்லா நிலையிலும் மேலானது என்பதையும் ஏற்பதற்கில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில் அக்கோடுகள் மெலிந்து, அந்தி ஒளியில் புதர்ப் பின்னணியோடு கலந்து மறைந்துவிடக்கூடும்.

தொலைநோக்கி இருந்தால் இருகண் நோக்கி தேவையில்லை என்ற நம்பிக்கைதான் இவற்றுள் மிகவும் ஆபத்தானது. துப்பாக்கியில் பொருத்திய கருவியால் ஒன்றைப் பார்ப்பது அதன்மேல் துப்பாக்கிக் குழலை நீட்டுவதாகும். அங்கே அசைவது மனிதராகவோ வேட்டை நாயாகவோ காக்கப்பட வேண்டிய விலங்காகவோ இருக்கலாம். 2014-இல் கிராண்ட் கேன்யனின் வடகரைப் பகுதிக்கு வந்துசேர்ந்ததால் புகழ்பெற்று, 'எக்கோ' எனப் பெயரிடப்பட்ட பெண் ஓநாய், கழுத்தில் ரேடியோப் பட்டை அணிந்திருந்தும், அவ்வாண்டு டிசம்பரில் யூட்டாவில் கயோட்டி என்று கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டது. ஓநாய் நடமாடும் நிலப்பகுதியில் வேட்டைக்குச் செல்பவர், காதின் வடிவையும் முகவாயின் அகலத்தையும் கால்களின் நீளத்தையும் இருகண் நோக்கியால் பார்த்து உறுதிசெய்த பின்னரே துப்பாக்கியை உயர்த்த வேண்டும்.