கிணற்றுக்கு மருந்தும் குடத்துக்கு மூடியும்



மழை விட்ட மறுவாரமே வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பேதி, இன்னொன்றுக்குக் காய்ச்சல். "காத்து சேரல" என்று சொல்லிவிடுகிறோம். காற்றை விட்டுவிட்டு நம் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேட்டில் கிடந்த மலமும் சாணமும் மழைநீரோடு இறங்குவது அதற்குள்தான்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். எவ்வளவு? கைக்கு வந்தபடி அள்ளிப் போடக்கூடாது. கிணற்றின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, பிறகு 785ஆல் பெருக்குங்கள். அளவெல்லாம் மீட்டரில். வருவதுதான் தண்ணீர், லிட்டர் கணக்கில். 2 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12,560 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் வேண்டும். ஆகவே இந்தக் கிணற்றுக்குச் சுமார் 32 கிராம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்யும்.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிம்பாகக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக ஆட்டுங்கள். அடிச் சுண்ணாம்பைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் யாரும் சேந்தக்கூடாது. அதனால் ராத்திரியில் போடுவதே நல்லது. திறந்து கிடந்து ஈரம் பட்ட பவுடருக்கு வீரியம் போய்விடும். அதைப் போட்டும் ஒன்று, போடாமலும் ஒன்று.

"மருந்து வாடை அடிக்குதும்மா, சோறு கூட வாயில வைக்க முடியல" என்று சில வீடுகளில் கோபிக்கிறார்கள். நியாயந்தான். ஆனால் அந்த லேசான வாடை இருக்கும் வரை மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இனி கொசு. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைக் கிணற்றில் விடுவது உண்டு. ஆனால் குளோரின் மீனுக்கு ஆகாது. எனவே மீன் புழங்காத கிணற்றுக்கு; குடிக்கிற கிணற்றுக்கு மருந்தும், மேலே கொசு நுழையாத வலை மூடியும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அது தேடி வருவது சாக்கடையை அல்ல, நீங்கள் பத்திரமாகப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரை! தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகையால் வாரம் ஒரு தரம் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் காலி செய்து, தேங்காய் நாரால் உட்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே நிரப்புங்கள். ஆட்டுக்கல் குழியையும் மறந்துவிடாதீர்கள்.