சறுக்கலும் வீழ்ச்சியும்

இணையவழிச் சூதாட்டத்தைக் கைவிட்ட ஒருவர் மூன்று மாதங்களின் பின் மீண்டும் அதில் இறங்கினால், "இவனுக்கு மனவுறுதி கிடையாது" என்று உறவினர் தீர்ப்பளித்து விடுகின்றனர். மருத்துவ உலகம் இதனை வேறுவிதமாக நோக்குகின்றது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாறை மதுவுக்கு அடிமையாதலோடு ஒரே தொகுதியில் வைத்து, இணையவழியில் நிகழ்வதைத் தனிப் பிரிவாகவும் காட்டியுள்ளது.

சூது மனத்தைப் பிடிப்பது வெற்றியினால் மட்டுமன்று. அது எப்போது வரும் என்பது தெரியாமையினாலேயே. எத்தனையாவது கொத்தலுக்கு இரை விழும் என்று அறியாத புறா சலியாது கொத்திக்கொண்டேயிருப்பதை உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுகூடத்திற் காட்டினார். இப்பழக்கம் விட்ட பின்னும் லேசில் அகலாது. பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் மணம் நிற்பதைச் சைவ சித்தாந்திகள் வாசனாமலத்துக்கு உவமை கூறுவர். அவ்வுவமை இங்கும் பொருந்தும். சீட்டாடும் மடத்தை விட்டு எழுந்து வரலாம். கைத்தொலைபேசியோ சட்டைப்பையிலேயே கிடக்கின்றது!

அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் 1985இல் ஜூடித் கோர்டனுடன் இணைந்து மீள்வீழ்ச்சித் தடுப்புப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். உந்துதல் கடலலை போன்றது என்பது அவர் கருத்து. அது எழும், உச்சமடையும், தானே தணியும். அதனோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், பணியவும் வேண்டாம். நெஞ்சு படபடப்பதையும் விரல் துடிப்பதையும் கவனித்தபடி பொறுத்திருக்க வேண்டும்.

அவர் வற்புறுத்திய மற்றொன்று இதனினும் முக்கியமானது. ஒருமுறை தவறுவது சறுக்கல் மாத்திரமே. "ஆயிரம் ரூபா போய்விட்டது, இனி எல்லாம் பாழ், விட்டதையாவது பிடிப்போம்" என்ற எண்ணமே அதனை வீழ்ச்சியாக்குகின்றது. ஆகவே சறுக்கிய அந்த முதல் மணித்தியாலம் பெறுமதியானது. அப்போது மறைக்காமல் மனைவியிடமோ நண்பரிடமோ சொல்லிவிடுவோர் பலர் தப்பிக்கொள்கின்றனர். கேட்பவர் ஏசத் தொடங்கினால் அடுத்தமுறை அவர் சொல்லப்போவதில்லை. வெட்கம் அவரை மீண்டும் திரையிடமே அனுப்பிவிடும்.

சம்பள நாள், வீட்டுச் சண்டை, தனித்த இரவு ஆகியன ஆபத்தானவை. அந்நாட்களுக்கு முன்னதாகவே வங்கி அட்டையை வீட்டாரிடம் ஒப்படைத்து, செயலியை நீக்கி, இரவில் தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுவது நல்லது. கடன் பெருகி உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றினால் சற்றும் தாமதிக்கலாகாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.