கோடாலித் தலை ஏன் கழன்று பறக்கிறது?

எங்க அப்பா சங்கரன்கோவிலில் கொல்லப் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கழன்று பறந்த கோடாலித் தலை பட்டுப் பெரியப்பாவுக்கு ஒரு கால் ஊனம். அதனால்தான் இந்தத் தலைப்பு.

இரும்புக்கு லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை போதும். கார்பன் சுமார் 0.6 சதவீதம். காய்ச்சி அடித்த பிறகு, வாய்ப்பகுதியைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் (770 டிகிரி) கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் தோய்க்கணும். தண்ணீர் என்றால் கீறல் விடும். அப்படியே விட்டாலும் கண்ணாடி மாதிரி உடையும். தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெதுவாகச் சுட வைத்து, வைக்கோல் நிறம் போய் ஊதா வந்ததும் நிறுத்தணும். நம்ம பாடத்தில் இது டெம்பரிங், சுமார் 280 டிகிரி. அப்பாவுக்கு வெறும் "நிறம் பாத்து எடுலே!"

ஆனால் ஆளைக் காப்பது காம்புதான். காய்ந்த கருவேலங்கட்டை, ரேகை நீளவாக்கில் ஓடணும். பச்சைக் கட்டை பின்னால் சுருங்கி, தலை ஆடும்.

வட அமெரிக்காவில் எறிந்து விளையாடும் டோமஹாக் என்ற சிறு கோடாலியில் ஆப்பே தேவையில்லை. துளை மேலே அகலம், கீழே குறுகல். காம்பை மேலிருந்து நுழைப்பார்கள். வீசும்போது தலை நுனிப்பக்கம் ஓடப் பார்க்கும். அங்கே காம்பு தடிப்பு, ஆகவே இன்னும் இறுகும். நம்ம பிக்காசியும் இதே கணக்குதான்!

ஆப்பு அடித்த கோடாலி ஆடினால், பலரும் ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஊறிய கட்டை துளைக்குள் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். காம்பைக் கழற்றிப் புதுசாக ஆப்பு அடியுங்க.