பரணில் கிடந்த பில்லியர்ட்ஸ் ஸ்டிக்: கம்ப்யூட்டர் உதவியுடன் வயதும் விலையும் கண்டறிவது எப்படி?

"நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதைக் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன்" என்று வில்லியனூரில் இருந்து பெரியப்பா போன் செய்தார். சாப்ட்வேர் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. ஜாதகம், ரேஷன் கார்டு, நிலப் பட்டா எல்லாவற்றையும் "போட்டுப் பார்த்து" கொடுத்திருக்கிறேன். இந்த முறை வந்தது ஒரு கோல்.

பாகூரில் சித்தப்பா வீட்டுப் பரணில் அந்தக் கோல் பல வருடங்களாகக் கிடந்தது. எங்கள் தாத்தா, பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை செய்தவர். 1954-ல் ஆட்சி கைமாறிய பிறகு துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன பில்லியர்ட்ஸ் கியூ ஸ்டிக் அது என்பார்கள். மாங்காய் பறிக்க அதன் நுனியில் கொக்கி கட்டியது எனக்கே நினைவிருக்கிறது.

பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு 3,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா சம்மதித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பெரியப்பாவின் பக்கத்து வீட்டுப் பையன் அதன் போட்டோவை மொபைலில் தேடி, "இதே மாதிரி ஒண்ணு மூணு லட்சத்துக்கு இருக்கு" என்று காட்டிவிட்டான். பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். சித்தப்பா பேத்தியின் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்று பெரியப்பா சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

அந்த மூன்று லட்சம் உண்மையா? இதைக் கண்டுபிடிக்க நான் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். பழைய கடிகாரம், கேமரா, கிராமபோன் எதுவாக இருந்தாலும் இதே முறை பொருந்தும்.

முதலில் செய்யக்கூடாதது

நான் செய்த தவறில் இருந்தே தொடங்குகிறேன். கோல் கைக்கு வந்ததும் "முதலில் சுத்தம் செய்வோம்" என்று உப்புத்தாள் எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். அழுக்கு போனது. அதனுடன் மரத்தில் அச்சுக்குத்தியிருந்த எழுத்துகளும் பாதி போய்விட்டன. அங்கே எழுத்து இருந்ததே தேய்த்த பிறகுதான் தெரிந்தது. பழைய பொருளில் அழுக்கு, வார்னிஷ், கீறல் எல்லாமே சாட்சிகள். சேகரிப்பாளர்கள் பாலிஷ் போட்ட பொருளுக்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். எனவே காய்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த ஆட்டத்துக்கான ஸ்டிக்?

கியூ ஸ்டிக்குகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர்: பெரும்பாலும் 57, 58 இன்ச் நீளம். நுனி 9 முதல் 11 மி.மீ. வரை மெலிதாக இருக்கும். நுனியில் பித்தளை வளையம், அடிப்பக்கத்தில் ஒரு ஓரம் மட்டும் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். பெயர்ப் பட்டையைப் பெரும்பாலும் அங்கேதான் பதித்திருப்பார்கள்.

அமெரிக்கன் பூல்: நடுவில் மரை வைத்து இரண்டு துண்டாகக் கழற்றலாம். நுனி 12, 13 மி.மீ. தடிமன். அடிப்பக்கம் முழு உருண்டை. கைப்பிடியில் பலவற்றுக்கு நூல் சுற்றியிருக்கும்.

பிரெஞ்சு பில்லியர்ட்ஸ்: இந்த மேசையில் குழியே கிடையாது. மூன்று பந்துகளை வைத்து ஆடுவார்கள். ஸ்டிக் சற்றுக் குட்டை, 54 முதல் 56 இன்ச். நுனி 11, 12 மி.மீ.

எங்கள் கோலின் நீளம் 56 இன்ச். உடனே "பிரெஞ்சுதான்" என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். ஆனால் நுனி 10 மி.மீ.தான். அடிப்பக்கத்தில் தட்டையான சீவலும் இருந்தது. இரண்டும் இங்கிலீஷ் அடையாளங்கள். நீளம் மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அப்போது புரியவில்லை.

அடுத்து மரம். மேல்பகுதி ஆஷ் மரம். அம்பு முனை போன்ற ரேகைகள் அதன் அடையாளம். அடிப்பகுதி நம் ஊரில் மாலையாகவும் விற்கும் கருங்காலி. இரண்டும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். கருப்பு மரத்தின் முனைகள் நாக்கு போல வளைவாக முடிந்தால் கையால் பொருத்தியது. ரம்பப் பல் போலக் கூர்மையாக முடிந்தால் மெஷினில் பொருத்தியது. எங்களுடையது கூர்மை. அதாவது தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்த ரகம்.

படி 2: அழிந்த எழுத்தைப் படித்தல்

இங்கேதான் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறது. மொபைலில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெறும் பளபளப்புதான் விழுந்தது. பிறகு இரண்டு வழிகளில் முயன்றேன்.

ஒன்று: அறையை இருட்டாக்கி, டார்ச் லைட்டை மரத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் இருந்து அடித்து, பிளாஷ் இல்லாமல் படம் எடுக்க வேண்டும். குழிந்த எழுத்தில் நிழல் விழுந்து உருவம் தெரியும்.

இரண்டு: சின்ன வயதில் நாணயத்தின் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். மெல்லிய பேப்பரை எழுத்தின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பேப்பரை ஸ்கேனரில் வைத்து 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பைலை பி.என்.ஜி. ஆக சேவ் செய்யுங்கள். ஜேபெக் ஆக சேவ் செய்தால் நுண்ணிய கோடுகள் மங்கும்.

பிறகு இலவச சாப்ட்வேரான ஜிம்ப்பில் அந்தப் பைலைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்துக் கருப்பு வெள்ளை ஆக்குங்கள். அதே மெனுவில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால் ஒரு வரைபடத்தின் கீழ் மூன்று சிறு முக்கோணங்கள் இருக்கும். இரு ஓரங்களில் உள்ளவற்றை நடுவை நோக்கி நகர்த்துங்கள். கடைசியாக இன்வெர்ட் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து பல நேரங்களில் இப்போது தெரியும்.

எனக்கு நான் தேய்த்து அழித்த இடத்தில் "16½" என்ற எண் கிடைத்தது. பக்கத்தில் பதித்திருந்த வெள்ளைப் பட்டையில் "லி", "ட்ரம்" என்று ஒலிக்கும் சில ஆங்கில எழுத்துகளும், தெளிவாக "4137" என்ற எண்ணும் கிடைத்தன.

படி 3: எண் சொல்லும் கதை

16½ என்பது அவுன்ஸ் கணக்கில் ஸ்டிக்கின் எடை. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம் என்றால் சுமார் 468 கிராம் வரவேண்டும். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் 446 கிராம்தான். 22 கிராம் எங்கே போனது? சித்தப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தாத்தா கடைசி காலத்துல இதைத்தான் ஊன்றி நடந்தாரு. அடி வெடிச்சுப் போச்சுன்னு நான்தான் ஒரு இன்ச் அறுத்தேன்" என்றார். கொக்கி கட்டியபோது நுனியின் பித்தளை வளையமும் போயிருக்கிறது. பிரெஞ்சு போலக் காட்டிய நீளத்தின் ரகசியம் இதுதான்.

அடுத்து 4137. வீட்டில் ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். துரையின் லைசென்ஸ் நம்பர் என்றார் பெரியப்பா. வெறும் எண்ணைத் தேடுபொறியில் கொடுத்தால் ரயில் நம்பரும் மோட்டார் பாகங்களும்தான் வந்தன. எண்ணுடன் பில்லியர்ட்ஸ் என்ற சொல்லையும் சேர்த்து ஆங்கிலத்தில் டைப் செய்தேன். முதல் பக்கத்திலேயே விடை கிடைத்தது.

வால்டர் லிண்ட்ரம் (1898-1960) ஆஸ்திரேலியாவின் பில்லியர்ட்ஸ் மேதை. 1932 ஜனவரியில் லண்டனில், ஜோ டேவிஸுக்கு எதிரான ஆட்டத்தில், தொடர்ந்து ஆடி ஒரே முறையில் 4,137 புள்ளிகள் எடுத்தார். அது உலக சாதனை. கிரிக்கெட் வீரர் பெயரில் பேட் விற்பது போல, அந்தச் சாதனை எண்ணைப் பட்டையில் பொறித்து லிண்ட்ரம் பெயரில் ஸ்டிக்குகள் விற்பனைக்கு வந்தன.

இதில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. ஒரு பொருளில் ஒரு நிகழ்ச்சி பொறித்திருந்தால், அந்தப் பொருள் அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் உருவாகி இருக்க முடியாது. ஆகவே எங்கள் கோல் 1932-க்குப் பிறகு செய்தது. "இருநூறு வருஷத்துக் கோல், கவர்னர் ஆடினது" என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் துரை 1954-க்குப் பிறகு கொடுத்தார் என்ற தாத்தாவின் கதைக்கு இதனால் எந்தப் பழுதும் இல்லை. தாத்தா சொன்னது சரிதான், மற்றவர்கள் சேர்த்ததுதான் தவறு.

படி 4: விலை எங்கே பார்ப்பது?

பக்கத்து வீட்டுப் பையன் பார்த்தது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எவ்வளவும் கேட்கலாம். நமக்குத் தேவை விற்ற விலை. கூகுள் லென்ஸ் உருவத்தில் ஒத்தவற்றைக் காட்டும். விற்றதா என்று சொல்லாது.

ஈபே இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டாலும், பிரிட்டன், அமெரிக்கத் தளங்களை இங்கிருந்தே பார்க்கலாம். பொருளின் பெயரைக் கொடுத்துத் தேடிய பிறகு, பில்டர் பகுதியில் "சோல்டு ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். விற்றுப்போனவை மட்டும் வரும். விலை மேல் குறுக்குக் கோடு இருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிடைத்த விலைகளை எக்செல்லில் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரே காலத்தில் டைப் செய்யுங்கள். பிறகு சராசரி எடுக்காதீர்கள், மீடியன் எடுங்கள். ஏன்? எடுத்துக்காட்டுக்கு விற்ற விலைகள் 40, 55, 60, 75, 90, 110, 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 190. ஆனால் ஏழில் ஆறு ஸ்டிக்குகள் 110-ஐத் தாண்டவே இல்லை. ஒரே ஒரு 900 கணக்கைக் கெடுத்துவிட்டது. வரிசையில் நடுவில் நிற்கும் 75-தான் மீடியன். உண்மைக்கு அதுதான் நெருக்கம்.

லிண்ட்ரம் பெயர் போட்ட சாதாரண ஸ்டிக்குகள் பெரும்பாலும் சில பத்து பவுண்டுகளுக்கும் ஓரிரு நூறு பவுண்டுகளுக்கும் இடையில்தான் போகின்றன. அடி அறுத்து, வளையம் போய், உப்புத்தாளும் பட்ட எங்கள் கோல் அந்த வரிசையில் கீழ்ப்படியில்தான் நிற்கும். வியாபாரி சொன்ன 3,000 ரூபாய் ஏமாற்று விலை அல்ல.

அப்படியானால் லட்சக்கணக்கில் விற்பவை? அவை தனி ஜாதி. அமெரிக்காவில் ஜார்ஜ் பாலபுஷ்கா (1912-1975) கையால் செய்த பூல் ஸ்டிக்குகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை தருகிறார்கள். 1986-ல் வந்த "தி கலர் ஆஃப் மணி" படத்தில் வருவது பாலபுஷ்கா ஸ்டிக் என்று சொல்லப்படும். படப்பிடிப்பில் பயன்பட்டது ஜாஸ் என்ற கம்பெனி செய்த வேறு ஸ்டிக். கேமராவையே ஏமாற்றக்கூடிய பொருள் இது. ஆகவே செய்தவர் யார் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் பெரிய விலை கிடைக்காது.

விற்கும் முன் சட்டம்

பழைய ஸ்டிக்குகள் சிலவற்றில் பட்டை யானைத் தந்தமாக இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி தந்த விற்பனை குற்றம். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற ரேகைகள் தெரிந்தால் விற்கும் பேச்சை நிறுத்திவிட்டு வனத்துறையிடம் கேளுங்கள். எங்கள் பட்டையில் ரேகை இல்லை, தந்தம் போலச் செய்த பிளாஸ்டிக் வகை. அதேபோல 100 வருடம் தாண்டிய கலைப்பொருட்கள் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் காட்டுங்கள்

கடைசியாக நான் செய்ததுதான் அதிகம் பயன்பட்டது. படங்கள், அளவுகள், தராசின் போட்டோ, விற்ற விலைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, லேப்டாப்பை வில்லியனூருக்கு எடுத்துச் சென்று பெரியப்பாவுக்கு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். உப்புத்தாள் தேய்த்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்தச் சொன்னார். "அப்ப அவன் என்னை ஏமாத்தலை" என்றார். அவர் மூன்று லட்சத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

காதுகுத்துக்கு பெரியப்பா முதல் நாளே பாகூர் போய்விட்டார். கோலை விற்கவில்லை. 3,000 ரூபாய்க்கு தாத்தாவின் ஊன்றுகோலைக் கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை. இப்போது அது பரணில் இல்லை, சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சுவரில் இருக்கிறது. 4137 என்றால் என்ன என்று வருகிறவர்களுக்கு சித்தப்பாவே விளக்குகிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கலாம். தேடிப் பாருங்கள். உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள்.